'தகப்பன் பெயர்' என்ற கட்டம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் என்னைப் பற்றி ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். "அந்தம்மா பெத்த தாய் சொன்னாலும் நம்பாது" என்று. பொய்யில்லை. என் பிறந்த தேதி என்று என் தாய் சொல்லிவந்த தேதியே தப்பு என்பதைப் பழைய பதிவை எடுத்து அவளிடம் காட்டியவள் நான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் தேதி தப்புதான்.

சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, பிறகு தனியாகவே மலையாள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து, யார் யாருக்குப் பிறந்தவர் என்று பழைய பதிவுகளில் தேடிக்கொடுத்துக் காலம் தள்ளினேன். பழைய கையெழுத்தை எப்படிப் படிப்பது, வில்லேஜ் ஆபீஸில் யாரிடம் அபேக்ஷை மனு கொடுப்பது என்பதையெல்லாம் நீங்களே அடிபட்டுப் பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது வேறு. நிலத்துக்காக வருகிறவர், சர்ட்டிபிக்கட்டுக்காக வருகிறவர் எல்லாரையும் சமாளித்துவிடலாம். தகப்பன் பெயர் தெரியாத ஒரு முன்னோருக்குத் தகப்பனைத் தேடி வருகிறார்களே, அவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

ஏனென்றால் அப்படி வருகிறவர் ஒரு தகப்பனை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வருவார். எஸ்டேட்டில் பிறந்தவர் என்றால் துரை, சமவெளியில் பிறந்தவர் என்றால் பண்ணைக்காரர். கூலிக்காரத் தகப்பன் வேண்டும் என்று கேட்டு ஒருவர்கூட என் வாசல் ஏறியதில்லை. அதனால் யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்று. இத்தனை தலைமுறை சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு?

கவிதாவிடமும் அதைத்தான் கேட்டேன். ஏலப்பாறை எஸ்டேட்டில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு நாளில் பஸ் பிடித்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் தாத்தாவின் அப்பா யார் என்று தெரிய வேண்டும் என்றாள்.

"இப்ப என்ன கண்ணு அவசரம்? நெலம் கிலம் இருக்குதா?" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நெலத்துக்கு வரலக்கா. என்னைய ஒருத்தருக்குத் தங்கச்சின்னு சொல்லுதாக. நான் அவரக் கட்டிக்கிறதா இருக்கேன்."

விஷயம் இதுதான். அதே கம்பெனியில் பிரகாஷ் என்று ஒரு பையன். கொழிஞ்சாம்பாறைக்காரன், தோப்பும் வயலும் உள்ள குடும்பம். இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பழகி, கல்யாணம் என்று முடிவுசெய்து, பையன் வீட்டில் சொல்லியும் விட்டார்கள். அவன் வீட்டில் அவனுடைய பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அந்தப் பெரியப்பா, "அந்தப் பொண்ணு உனக்குத் தங்கச்சி முறை, கட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம்.

கவிதாவின் தாத்தா மாரிமுத்து. அவருடைய தாய் பழனியம்மாள், அந்தக் காலத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து மலைக்குத் தேயிலை பறிக்கப் போனவள். கல்யாணம் இல்லாமல் பிள்ளை பெற்றவள். மாரிமுத்துவைக் கொழிஞ்சாம்பாறைக் குப்பண்ணனுக்குப் பிறந்தவன் என்று லயத்தில் சிலர் அப்போதே குசுகுசுத்ததுண்டு. குப்பண்ணன் என்பவர் பிரகாஷின் கொள்ளுத்தாத்தா. அது உண்மையென்றால் இரண்டு குடும்பமும் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

"ஆதாரம் இருக்குதுன்னு சொல்லுதாகக்கா" என்று போனைக் காட்டினாள். பழைய எஸ்டேட் பிறப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தார்கள். குழந்தை மாரிமுத்து. தாய் பழனியம்மாள். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் குப்பண்ணன், கொழிஞ்சாம்பாறை. பக்கம் மடங்காமல் இருக்க ஒரு பெண் ஓரத்தில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். விரலில் பச்சைக் கல் மோதிரம்.

போட்டோவை அனுப்பியது பிரகாஷ். கூடவே ஒரு செய்தி: "பெரியப்பா காட்டினார். எனக்கே தலை சுத்துது. கொஞ்ச நாள் என்கூடப் பேசாத." அதோடு அவளுடைய நம்பரை பிளாக் செய்துவிட்டான். கம்பெனியிலும் ஷிப்ட் மாற்றிக்கொண்டுவிட்டான்.

சொல்லிவிட்டு அந்தப் பெண் அழவில்லை. "அண்ணன்னா அண்ணன்தான்க்கா, நான் ஒதுங்கிக்கிடுதேன். ஆனா உண்மையான்னு தெரியணும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. உங்களுக்கும் சில பேரைப் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்றைக்கே இரண்டு மடங்கு ஜாக்கிரதையாகிவிடுங்கள். பிடித்தவருக்காகத் தேடும்போது கண்ணுக்கு அவருக்கு வேண்டியது மட்டும்தான் தெரியும்.

என் சந்தேகம் முழுக்கப் பெரியப்பா மேல் இருந்தது. மூன்று தலைமுறையாக "அந்தப் பேச்சே எடுக்காதே" என்று இருந்த குடும்பம், இப்போது தானாகவே முன்வந்து "ஆமாம், எங்கள் ரத்தம்தான்" என்கிறது. இப்படி மானத்தை விட்டுக்கொடுக்கிறவர்களை நான் கண்டதில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஜாதி வேறு. அதை வாய்விட்டுச் சொன்னால் பையன் முறைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விடுவான். தங்கச்சி என்று சொல்லிவிட்டால் எந்தப் பையனும் பின்வாங்குவான்.

நேரே அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"தப்பு நடந்துபோச்சுங்க அம்மணி. எங்கப்பாரு, அப்பாவப் பெத்தவரு, அந்தக் காலத்துல கொஞ்சம் அப்படி இப்படித்தானுங்க. அந்தப் பழனியம்மா பெத்த பையன் எங்க ரத்தம். இப்ப அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டி வெக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க."

"முடியாதுங்க" என்றேன். "அப்பறம் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மாரிமுத்து உங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவருன்னா, அந்தப் பொண்ணோட அப்பன் உங்களுக்குப் பங்காளி. உங்க குலதெய்வம் கோயில்ல பங்காளிக எல்லாருகிட்டயும் தலைக்கட்டு வரி வாங்குவீங்கள்ல? வர்ற நோம்பித் திருவிழாவுக்கு அந்த மனுசன் கிட்டயும் வாங்கிக்குவீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கோயில் வரியை வாங்கிக்கொள்வது பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிய விஷயம். வாங்கிவிட்டால் ஆள் உள்ளே வந்துவிட்டான், பிறகு யாரும் வெளியே தள்ள முடியாது.

"அது எதுக்குங்க இப்ப? நான் கல்யாணத்தப் பத்திப் பேசறேன், நீங்க கோயிலப் பத்திப் பேசறீங்க."

"செரி, அது வேண்டாம். ரெண்டு ஊட்டு ஆம்பளைகளும் எச்சல் குடுத்தா லேபுல பாத்துச் சொல்லிருவாங்க. நீங்க குடுக்கறீங்களா?"

"எங்க ஊட்டுல எவனும் குடுக்க மாட்டானுங்க."

கல்யாணத்தைத் தடுக்கிற அளவுக்கு ரத்தம் வேண்டும், வரி வாங்குகிற அளவுக்கு வேண்டாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். போகும்போது, "அந்த எஸ்டேட் போட்டோவ எப்படிங்க புடிச்சீங்க? அங்க உங்களுக்கு ஆள் இருக்குதுங்களா?" என்று சும்மா கேட்டேன்.

"எனக்கு எங்கீங்க அங்க ஆளு? பையன்தான் கொண்டாந்து காட்டுனான்."

தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை என் காலைப் பிடித்து நிறுத்தியது. பெரியப்பா காட்டினார் என்று பையன் எழுதியிருக்கிறான். பையன் காட்டினான் என்று பெரியப்பா சொல்கிறார். இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார். பெரியப்பாவைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே அவர்தான் பொய்யர் என்று மனசு சட்டென்று தீர்ப்பு எழுதப் பார்த்தது. அதை எழுதவிடாமல் வைத்திருப்பதுதான் நம்முடைய வேலை. இருவரையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏலப்பாறைக்குக் கவிதாவும் கூட வந்தாள். அவள் அப்பா அம்மா இன்னும் அந்த எஸ்டேட் லயத்தில்தான் இருக்கிறார்கள். என்னை ஆபீஸில் விட்டுவிட்டு, சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று லயத்துக்குப் போனாள். நல்லவேளை போனாள்.

எஸ்டேட் இடையில் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. பழைய பதிவேடுகள் ஒரு அறையில் ஈரம் ஏறிக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவள் சுகந்தி, வண்டிப்பெரியாறிலிருந்து அண்மையில்தான் வேலைக்கு வந்திருந்தாள். லயத்து ஆட்களையே இன்னும் சரியாகத் தெரியாது என்றாள். பதிவேட்டை எடுத்து வைத்தாள்.

போட்டோ போலியாக இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். இல்லை. பக்கம் அசல். எழுத்து அசல். யாரும் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. தகப்பன் பெயர் குப்பண்ணன்தான்.  அந்தப் பெண் சோறு கொண்டுவந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன்.

நீங்கள் அசலைப் பார்க்கும்போது ஒரு பக்கத்தோடு நிற்கக் கூடாது. முன்னும் பின்னும் புரட்டுங்கள். புரட்டினேன். அடுத்த பக்கத்தில் வேறொரு தாய், வேறொரு குழந்தை, தகப்பன் குப்பண்ணன். அதற்கடுத்ததில் இன்னொருத்தி, அங்கேயும் குப்பண்ணன். ஒரே மாதத்தில் மூன்று பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அவரே தகப்பன். மூன்று பேருமே சமவெளியிலிருந்து வந்தவர்கள். அந்த மனிதர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அது நம்புகிற மாதிரி இல்லை.

"இந்தப் பேரு நெறைய வருதுல்ல மேடம்?" என்றாள் சுகந்தி. "அவரு கங்காணி. ஊர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வருவாரு. அவரு கூட்டிட்டு வந்த ஆளெல்லாம் அவரு பேர்லதான் இருக்கும், எஸ்டேட் குடுக்குற அரிசி அவரு பேர்லதான் போகும். கல்யாணம் பதியாத பொம்பளைக்குப் புள்ள பொறந்தா, அந்தக் கட்டத்துல கங்காணி பேர எழுதிருவாங்களாம். ஆபீஸுக்கு வேண்டியது அரிசி யாரு பேர்லங்கிறதுதான். இங்கே பெரிய கிளார்க் சார் சொல்லிக் கொடுத்தாரு."

பெரியப்பா தன் அப்பாரு கங்காணியாக இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலைக்கு ஆள் பிடித்து அனுப்பியது அந்த வீட்டுக்கு இன்றைக்குப் பெருமையான விஷயமில்லை போலிருக்கிறது.

பிறகு மாரிமுத்து பிறந்ததற்கு முந்தைய லயப் பட்டியலை எடுத்தேன். எந்த அறையில் யார் இருந்தார் என்று எழுதியது. பழனியம்மாள் இருந்த அறையில் இன்னொரு பெயரும் இருந்தது. செல்லையா. வேறொரு கங்காணியின் ஆள், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு கங்காணிகளின் ஆட்கள் சேர்ந்து வாழ்ந்தால், யார் பேருக்கு அரிசி என்ற தகராறில் ஆபீஸ் அதைப் பதியாமல் விட்டுவிடும். சில வருஷம் கழித்துப் பழனியம்மாளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்திருக்கிறது. அதற்குள் கங்காணிகள் சமாதானமாகிவிட்டார்கள் போல, தகப்பன் கட்டத்தில் செல்லையா என்றே எழுதியிருந்தது. அதற்குப் பிறகு வந்த பட்டியலில் செல்லையா பெயருக்கு நேராக இறந்துவிட்டார் என்று ஒரு குறிப்பு. மாரிமுத்து அப்போது விவரம் தெரியாத சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார்.

இது நூற்றுக்கு நூறு நிரூபணமில்லை. அதையும் நீங்கள் ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளை பிறக்கும் முன்பே ஒரே அறையில் இருந்தவர், அடுத்த பிள்ளைக்குத் தகப்பன் என்று பதிவானவர். என் சந்தேகப் புத்திக்கே அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அரிசி வழங்கும் வசதிக்காக யாரோ ஒரு கிளார்க் எழுதியதால், ஒரு குடும்பம் மூன்று தலைமுறை தலைகுனிந்து நடந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

மனசு லேசாகி, சுகந்தியிடம் போட்டோவைக் காட்டினேன். "இந்த விரல் யாருதுன்னு தெரியுதா?"

அவள் சிரித்துவிட்டாள். கையை நீட்டிக் காட்டினாள். பச்சைக் கல் மோதிரம். "என்னோடதுதான் மேடம். அந்தத் தம்பி வந்தப்ப புடிச்சுக்கிட்டேன்."

"எந்தத் தம்பி? வயசானவரா?"

"இல்ல மேடம், சின்ன வயசு. கழுத்துல கம்பெனி அட்டை மாட்டியிருந்தாரு, பிரகாஷ்னு. காலைல இருந்து உக்காந்து எல்லாப் பக்கமும் பாத்தாரு. உங்கள மாதிரியே, ஏன் ஒரே பேரு வருதுன்னு கேட்டாரு. இதே கங்காணி விஷயத்தச் சொன்னேன். ஓ அப்படியான்னாரு. அப்புறம் இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டாரு."

பெயிண்ட் எதற்கு என்று அப்போது புரிந்தது. அந்த வீட்டில் கல்யாணம் ஏற்பாடாகிறது, வேறு பெண்ணோடு. பெரியப்பா நெருக்கியிருப்பார், பையனுக்கு எதிர்த்து நிற்கத் தைரியமில்லை. கவிதாவிடம் முகத்துக்கு நேரே சொல்லவும் தைரியமில்லை. பெரியப்பாவிடமும் கவிதாவிடமும் அந்த ஒரே பக்கத்துப் போட்டோவைக் காட்டிவிட்டு நழுவிக்கொண்டான்.

வாசலில் கவிதா தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தாள். சுகந்தியிடம் வாயை மூடிக்கொள்ளும்படி கண்ணைக் காட்டினேன்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். கேட்காத கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். கேட்டதை முதலில் சொல்லுங்கள். அது அவர்களுடைய உரிமை. நான் செல்லையாவைப் பற்றிச் சொன்னேன். பட்டியலைக் காட்டினேன், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொன்னேன். அவள் அந்தப் பெயர் மேல் விரலை வைத்து மெல்லப் படித்தாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

"அப்ப அவரு எனக்கு அண்ணன் இல்லக்கா."

"இல்ல கண்ணு."

"உங்க போனக் குடுங்கக்கா. என் நம்பர எடுக்க மாட்டாரு. இப்பவே சொல்லணும்."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.  "பொறு, இன்னொண்ணு இருக்குது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நான் சொன்னதாக இருக்கும். எல்லாரையும் சந்தேகிக்கிற ஒரு கிழவி என் பிரகாஷை மட்டும் விட்டுவைப்பாளா என்று கவிதா மனசின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே இருப்பாள். அவனே பேசட்டும், அவன் உண்மையைச் சொன்னால் அவனுக்கும் ஒரு வாய்ப்பு என்று போனைக் கொடுத்தேன். சரியா தப்பா என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் கொடுத்திருப்பேன்.

அவன் எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரகாஷ், நான் கவிதா. எங்க எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கேன். எல்லாம் பாத்துட்டோம். எங்க தாத்தாவோட அப்பா பேரு செல்லையா. நீ எனக்கு அண்ணன் இல்ல! கேக்குதா?"

 அவன் குரல் வந்தது. சந்தோஷமோ ஆச்சரியமோ அதில் இல்லை.

"நீ எதுக்கு அங்க போன? சுகந்தி உங்கிட்ட என்ன சொல்லுச்சு?"

சுகந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கவிதா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"சுகந்திய உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் என்னவோ தொடங்கினான். பெரியப்பா, கட்டாயம், நான் அப்புறம் பேசறேன். அவள் பொத்தானை அழுத்திவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.  தூக்குவாளியைத் திறந்து சுகந்திக்கும் எனக்கும் சோறு வைத்தாள். 

"அண்ணன்னு சொன்னப்பக்கூட எனக்கு இப்படி இல்லக்கா" என்றாள். "அது ரத்தம், யாரு என்ன செய்ய முடியும்னு இருந்தேன். இது அவன் செஞ்சது."

சாப்பிட்டு முடித்ததும், செல்லையாவின் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொன்னாள். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.